பதினாறு பழுதுகள்

அண்ணன் வீரபத்திரனை உட்காரச் சொல்லி மூன்று தடவை கத்திவிட்டேன். கேட்டால்தானே! கம்ப்யூட்டருக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தான். அவன் ஷிப்டுக்குப் போக ஸ்ரீபெரும்புதூர் பஸ் இரண்டு மணிக்கு. கம்ப்யூட்டருக்குள்ளே சுற்றிக்கொண்டிருந்த கேம் சி.டி.யில், நடு ஓட்டையிலிருந்து ஒரு விரிசல்.

பதினெட்டு வருடத்துக்கு முன்பு சென்னையில் ஒரு சின்ன கம்பெனி போட்ட கேம் அது. அங்கே வேலை பார்த்த அண்ணன்தான் அதில் வரும் அரக்கனுக்குக் குரல் கொடுத்தான். கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. தொண்டையில் கட்டி வந்து அவன் குரல்வளையை எடுத்தபோது அண்ணி மாசமாக இருந்தாள். மகள் அரசிக்கு இப்போது ஐந்து வயது. அப்பா பேசி ஒரு சொல் கேட்டதில்லை. கல்யாண வீடியோவில்கூட நாதஸ்வரம்தான் கேட்கிறது. அவன் குரல் மிச்சமிருப்பது இந்த ஒரு சி.டி.யில். உடைவதற்குள் நகல் எடுத்தாக வேண்டும்.

நகல் எடுக்கையில் பதினாறு இடங்களில், 'படிக்க முடியவில்லை, சரிசெய்யவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. நான் பட்டுச்சேலைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுகிறவள். ஒரு புள்ளி பிசகினாலும் பார்டரில் ஜரிகை தொங்கும், தறிக்காரர் வீட்டுக்கே வந்து திட்டுவார். தப்பைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. பதினாறையும் சரிசெய்தேன். திருத்துகிற இடத்தின் நம்பரை நோட்டில் எழுதிவைப்பதும் பழக்கம். அதையும் எழுதினேன்.

கடைசி நம்பரை எழுதி முடித்தேன். படீரென்று ஒரு சத்தம். டிரைவைத் திறந்தால் உள்ளே சி.டி. துண்டு துண்டாகக் கிடந்தது.

"போவட்டும்ணா, நகல் வந்துட்ச்சி" என்று தைரியம் சொல்லி, நகலை ஓட்டினேன். 'அசல் சி.டி.யைப் போடவும்' என்றது. இன்னொரு முறை. அதே பதில்.

அண்ணன் செல்போனில் தட்டிக் காட்டினான்: 'அந்த எடமெல்லாம் வேணும்னே கெடுத்துதான் அச்சடிச்சாங்க. திருட்டு சி.டி.ல அது இருக்காது. அத பாத்துதான் கேம் தொறக்கும்.'

"இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாவாம்!"

'நீ கேக்கல.'

அடிக்கலாம்போல ஆத்திரம் வந்தது. அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அடங்கிப்போனது. அப்போதுதான் நோட்டு ஞாபகம் வந்தது.

நம்பர் நம்பராகப் பார்த்து, நகலில் நான் சரிசெய்த இடங்களை நானே கெடுத்தேன். நன்றாக இருப்பதைக் கெடுக்க விரல் கூசியது. பஸ் போய்விட்டது. அவன் நடை மட்டும் நிற்கவில்லை.

பதினாறும் முடிந்து ஓட்டினேன். திறந்துகொண்டது! அரசியைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தினோம்.

"யாரடா என் கோட்டைக்குள் நுழைந்தது?" என்றான் அரக்கன். என் அண்ணனின் குரல்! எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அரசியோ அலறி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அவன் வாணாம்பா! போவ சொல்லுப்பா!"

அண்ணன் முகம் சுண்டிப்போனது. பிறகு அவள் எதிரே குந்தி, மறுபடி ஓட்டச் சொல்லி எனக்குக் கை காட்டினான்.

ஓட்டினேன். குரலோடு சேர்ந்து அண்ணன் உதடுகள் அசைந்தன. ஓர் எழுத்து தப்பவில்லை. அரசி திரையைப் பார்க்கவில்லை, அவன் வாயையே பார்த்தாள். அழுகை நின்றுவிட்டது.

"இன்னொரு தபா பேசுப்பா" என்றாள்.