யானைகள் கடந்து முடியும்வரை

1

இந்தக் கதையில் என் சொந்தச் சரக்கு கொஞ்சமும் இல்லாத இடம் ஒன்று உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாடகைக் கார் நிலையத்தில் என் முறைக்காகக் காத்திருந்தேன். வயதான ஒருவர், ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றின் கதவுகளையெல்லாம் திறந்துவைத்துக்கொண்டு, ஒவ்வொரு இருக்கையாக ஏறி உட்கார்ந்து பார்த்தார். உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஜன்னல் வழியாக வெளியே எட்டிப்பார்த்தார். நடுவரிசையில் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது.

"பேத்திக்கு வண்டியில போனா வாந்தி வரும்ப்பா. இந்தக் கண்ணாடி முழுசா இறங்கணும்" என்றார் நிலையத்துக்காரரிடம்.

நான் பார்த்தது அவ்வளவுதான். அதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீடு மாற்றச் சின்ன வண்டியாக ஒன்று எடுக்கப் போயிருந்தேன். என் சாமான்களெல்லாம் ஒரே நடையில் போய்ச் சேர்ந்துவிட்டன. அன்று முழுக்க எனக்கு அவர் நினைப்புதான்.

மற்றதெல்லாம் புளுகு.

2

எப்படி ஆரம்பிப்பது என்று பார்த்தேன்.

"பனி விலகியபோது காடு மெல்லக் கண்விழித்து" (அடித்துவிட்டேன். காடு எப்போது தூங்கியது, விழிப்பதற்கு?)

"அவருக்கு யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால்" (இதையும்தான். வாக்கியம் முடிவதற்குள்ளேயே கைக்குட்டையைத் தேடுகிறது.)

நேராகவே சொல்கிறேன். அவர் பஸ் டிப்போவில் டிரைவராகச் சேர்ந்து டைம்கீப்பராக ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எப்போது புறப்பட வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற வேலை. கதையிலும் அவரை டைம்கீப்பர் என்றே கூப்பிடுவோம். மகள் மூத்தவள், அவளுக்குக் கணவனும் ஒரு மகளும். மகன் இளையவன், அவனுக்கு மனைவி. எல்லோருமாகச் சேர்ந்து ஆறு பேர். வண்டியோ ஏழு பேருக்கானது. ஏழாவது இருக்கை யாருக்கு என்பது எனக்கும் இன்னும் தெரியாது.

3

(இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போகிறவர்கள் போகலாம். எனக்கே இதில் சம்மதமில்லை.)

முதலில் எழுதியபோது டைம்கீப்பரின் மனைவி உயிரோடு இருந்தார். கதை இரண்டு பக்கத்துக்கு மேல் நகரவில்லை. ஏதாவது ஒரு சிக்கலை நான் மெனக்கெட்டு உண்டாக்கினால், அந்த அம்மாள் போனை எடுத்து மகளிடம் நாலு வார்த்தை, மகனிடம் நாலு வார்த்தை பேசி அவிழ்த்துவிடுவார். சில வீடுகளில் எல்லாச் செய்தியும் அம்மா வழியாகத்தான் போய்வரும். வேறு வழியில்லாமல் அவரைச் சாகடித்தேன். ஒரே வரிதான் ஆனது.

அந்த வரியால் வந்த வினை இது. சாவுக்கு மகனால் நேரத்துக்கு வந்து சேர முடியவில்லை. எல்லாம் முடிந்தபிறகு வாசலில் வந்து நின்றவனிடம், வந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "இப்ப எதுக்குடா வந்தே?" என்றாள் அக்கா. அதோடு பேச்சு நின்றுபோனது. இருவரும் அப்பாவிடம் அன்பாகத்தான் பேசினார்கள், தனித்தனியாக.

4

ஓய்வுபெற்ற மனிதருக்குத் திடீரென்று காடு மலை பார்க்கும் ஆசை வந்ததாக நினைத்துத்தான் பிள்ளைகள் சரி என்றார்கள். அவருக்கு மயில் வேண்டாம், இருவாச்சிப் பறவை வேண்டாம், அருவியும் வேண்டாம். சமையலறைச் சுவரில் பெரிய வரைபடத்தை ஒட்டி, பென்சிலால் ஊர் ஊராகக் கோடு இழுத்ததெல்லாம் ஒரே ஒரு இடத்துக்காக.

காட்டுக்கு நடுவே ஒரு சாலை. அதன் ஒரு பக்கம் மரங்கள், மறுபக்கம் ஏரி. பொழுது சாய்கிற நேரத்தில் யானைகள் கூட்டமாகத் தண்ணீருக்கு இறங்கும். அவை கடந்து முடியும்வரை வண்டிகள் இன்ஜினை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். கதவைத் திறக்கக் கூடாது, யாரும் இறங்கக் கூடாது. சோதனைச் சாவடிக்குப் போன் போட்டு, எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டார். குட்டிகள் இருந்தால் ரொம்ப நேரம் ஆகும் சார், கோபப்படாதீங்க என்றார் சாவடிக்காரர். டைம்கீப்பருக்குக் கோபமா வரும்? காதில் தேன் பாய்ந்தது.

அக்காவும் தம்பியும் ஒரே வண்டிக்குள், எழுந்து போக வழியில்லாமல். அவருக்குத் தெரிந்து அதற்கு யானையைத் தவிர வேறு பூட்டு இல்லை.

இருக்கைகளையும் அதற்கேற்றபடிதான் ஒதுக்கினார். மகள் நடுவரிசையில், மகன் அவளுக்கு நேர் பின்னால். முகம் பார்க்க வேண்டியதில்லை, பேசினால் காதில் விழும். பேத்தி பக்கத்துக் கண்ணாடி முழுசாக இறங்கும். (வண்டியை மாற்றி வாங்கிவிட்டார்.)

இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் பொறாமை. நான் எழுதுகிற மேசையைச் சுற்றி நாலு நாற்காலிகள் கிடக்கின்றன. மூன்றில் புத்தகங்களை அடுக்கியிருக்கிறேன். யாரை எங்கே உட்காரவைப்பது என்று மண்டையைக் குடைந்துகொள்ள எனக்கு ஒருவரும் இல்லை. தனியாகத்தான் இருக்கிறது, மறைப்பானேன்.

5

முதலில் மகள் கூப்பிட்டாள். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையாம், குழந்தைக்கும் சளியாம். இரண்டையும் சொல்லிவிட்டு, "அவன் வர்றான்லப்பா? அப்ப நீங்க அவங்களோட போயிட்டு வாங்க. நாங்க ரெண்டு பேரும் ஒரே வண்டியில சரிப்படாது" என்றாள்.

"சரிம்மா. அவன் வர்றான்" என்றார்.

அதன் சூடு ஆறுவதற்குள் மகன். மனைவி முழுகாமல் இருக்கிறாள், கார்ப் பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல செய்திதான். டைம்கீப்பர் மனம் நிறைய வாழ்த்தினார். கடைசியில் அவன் கேட்டான், "நீங்க தனியாப் போகலையே? அக்கா வர்றாங்கல்ல?"

"வர்றா, வர்றா. நீ அந்தப் பொண்ணைப் பார்த்துக்க."

இங்கேதான் எனக்குச் சந்தேகம். மகனிடம் சொன்னது பொய், மகளிடம் சொன்னதும் இப்போது பொய்யாகிவிட்டது. ஒரு மனிதர் ஏன் இப்படி இரண்டு பக்கமும் பொய்யை விட்டுவைக்க வேண்டும்? உண்மையைச் சொன்னால் என்ன? யோசித்துப் பார்த்தேன். மகன் வரவில்லை என்று மகளிடம் சொன்னால், "அவன் அப்படித்தானேப்பா" என்பாள். மகனும் அதையேதான் சொல்வான். ஒருவர்மேல் ஒருவருக்கு இருக்கும் குற்றப்பத்திரிகையில் தன் கையால் இன்னொன்றைச் சேர்க்க அவருக்கு மனம் வரவில்லை. பொய் எப்படி வெளியே வரும்? அக்காவும் தம்பியும் ஒரு தடவை பேசிக்கொண்டால் போதும். அந்தப் பயமே அவருக்கு இல்லை என்பதுதான் இந்தக் கதையில் எனக்குத் தாங்காத இடம்.

அப்படியானால் பயணத்தை ரத்து செய்துவிட்டு வீட்டில் இருந்திருக்கலாமே என்பீர்கள். டிப்போ வழக்கம் உங்களுக்குத் தெரியாது. ஆளே ஏறாவிட்டாலும் முதல் டிரிப் நேரத்துக்குக் கிளம்பியாக வேண்டும். வழியில் எந்த நிறுத்தத்தில் யார் நிற்கிறார்களோ!

6

அவர் ஓட்டினார். தேநீர்க் கடைகளில் நிறுத்தி ஒற்றை ஆளாகக் குடித்தார். பேத்திக்கு என்று குறித்துவைத்த இடங்களில் எல்லாம், வாந்தி எடுக்க ஆளில்லாவிட்டாலும், ஓரங்கட்டிக் காத்திருந்துவிட்டுப் புறப்பட்டார். நிழல் விழுந்த சாலையில் ஓர் உடும்பு நிதானமாகக் குறுக்கே போனது. "அங்க பாரு" என்று சொல்லிவிட்டார்.

பொழுது சாய ஏரிக்கரை வந்தது. முன்னால் வேறு வண்டி இல்லை. இன்ஜினை அணைத்தார். மரங்களுக்கு நடுவிலிருந்து முதலில் ஒரு பெரிய பெண் யானை வந்தது. பின்னாலேயே மற்றவை. குட்டிகளும் இருந்தன, சாவடிக்காரர் சொன்னபடி. எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. ஆட்கள்தான் இல்லை.

போன் அதிர்ந்தது.*

மகள். "எங்கப்பா இருக்கீங்க?"

மெல்லிய குரலில் சொன்னார்: யானை போகுதும்மா, நிக்கிறோம்.

நிக்கிறோம் என்றார்.

"நானும் வந்திருக்கணும்ப்பா" என்றாள். "அன்னைக்கு நான் அவனை அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவ்வளவு தூரத்துலேருந்து ஓடி வந்தான். போனை அவன்கிட்ட குடுங்க. நான் பேசணும்."

* (காட்டுக்குள் சிக்னல் எப்படி என்று கேட்பவர்களுக்கு: கதைக்காக நான்தான் ஒரு டவர் நட்டேன். ஒரு அம்மாவைக் கொன்றவனுக்கு இதுகூடவா முடியாது?)

7

மூன்று விதமாக முடித்துப் பார்த்தேன்.

"அவன் தூங்குறாம்மா" என்கிறார். சரி, எழுப்பாதீங்க என்று வைத்துவிடுகிறாள். மறுபடி அவளுக்கு எப்போது மனசு வருமோ.

"அவன் வரலம்மா. நான் மட்டும்தான்" என்கிறார். அவள் அழுகிறாள். அப்பாவுக்காக அழுகிறாள், சரி. ஆனால் தம்பியிடம் சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடுகிறது.

சட்டென்று சிக்னல் போய்விடுகி (வேண்டாம். டவரை நட்டவனே பிடுங்குவதா?)

அவர் ஆசைப்பட்ட வார்த்தை வந்துவிட்டது. ஆசைப்பட்ட இடத்தில், ஆசைப்பட்ட நேரத்தில். வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. ஒரு பொய் சொல்ல வேண்டும், அல்லது ஒரு உண்மை. இரண்டுக்கும் வாய் வராமல், டைம்கீப்பர் தன்னை அறியாமல் போனைப் பின்பக்கமாக நீட்டுகிறார். திரும்பிப் பார்க்கவில்லை. அவர் கண் இன்னும் யானைகள்மேல்தான் இருக்கிறது.

எனக்கு இதற்கு மேல் தெரியவில்லை. ஆனால் ஏழாவது இருக்கை யாருக்கு என்று இப்போது தெரிந்துவிட்டது. இதைப் படித்துக்கொண்டே இவ்வளவு நேரமும் வழியெல்லாம் கூடவே வந்தீர்கள், ஒரு வார்த்தை பேசாமல். யானைகள் கடந்து முடிய இன்னும் நேரம் இருக்கிறது. கதவைத் திறந்து இறங்கவும் முடியாது.

பெரியவருக்குக் கை வலிக்கும். வாங்கிக்கொள்ளுங்கள்.

"டேய்" என்கிறாள் அவள். "இருக்கியா?"