எட்டாவது அருவி

எங்கள் பள்ளத்தாக்கில் மழைக்காலத்தில் ஏழு அருவிகள் விழும். மழை நின்று இரண்டு மாதமானால் ஏழும் ஒவ்வொன்றாக மெலிந்து, பாறையில் கறுப்புத் தடம் மட்டும் மிஞ்சும். ஆனால் கீழ்ச்சாலை வளைவில் எட்டாவது ஒன்று இருந்தது. கொளுத்தும் வெயிலிலும் அது பாட்டுக்கு விழுந்துகொண்டிருக்கும். பக்கத்து விடுதிக்காரர் அதற்கு எதிரே ஒரு பெஞ்சு போட்டு, ‘வற்றாத அருவி’ என்று பலகையும் நட்டிருந்தார். அது வற்றாததற்குக் காரணம் நான். இந்த ஊரின் குழாய்க்காரன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மலையுச்சித் தொட்டியிலிருந்து மேல்தெருவுக்குப் புதுக்குழாய் போட்டேன். பாறை விளிம்பில் கடைசி இணைப்பை மாட்டும்போது ரப்பர் வளையம் கைநழுவிக் கீழே போய்விட்டது. இறங்கி எடுக்க அரைமணி ஆகும். மழை வேறு இருட்டிக்கொண்டு வந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்து போல்ட்டை இறுக்கிவிட்டு, நாளைக்கு வந்து மாற்றிவிடலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பேச்சை நம்பி ஏமாறுகிறவர்களில் முதல் ஆள் நான்தான்.

மலையெங்கும் தண்ணீர் வழிந்த நாட்களில் என் கசிவு யார் கண்ணிலும் படவில்லை. கோடையில் ஏழும் நின்ற பிறகுதான் குட்டு வெளிப்பட்டது, அதுவும் எனக்கு மட்டும். மற்றவர்கள் கேமராவோடு வந்தார்கள். அடைக்க வேண்டுமென்றால் வால்வை மூட வேண்டும். மூடுவதற்கு ஊர்க் குடிநீர் மேற்பார்வையாளரிடம் காரணம் சொல்ல வேண்டும். காரணம் நான். அதனால் தள்ளிப்போட்டேன். இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒருநாள் புதுமணத் தம்பதி அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருடத்தில் என் வேலையை யாரும் அவ்வளவு நேரம் ரசித்ததில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மேல்தெருவின் கடைசி வீடு என் அக்காவுடையது. “என் தம்பி கை வச்சா, அப்புறம் திரும்பிப் பார்க்கவே வேணாம்,” என்று சொல்லித் திரிகிற ஒரே ஜீவன் இந்த ஊரில் அவள்தான். கோடையில் தொட்டி இறங்கினால், என் கசிவு போக அவள் வீட்டுக் குழாயில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

“தண்ணி சரியா வரல. ஒரு எட்டு வந்து பாருடா.”

போனேன். வாஷரை மாற்றினேன். அடுத்த முறை குழாயையே மாற்றினேன். மூன்றாவது முறை, “பழைய வீடுக்கா, உள்ள துரு அடைச்சிருக்கும்,” என்று பெரிய டாக்டர் மாதிரி தலையை ஆட்டினேன். ஒவ்வொரு முறையும் டீ போட்டுக் கொடுத்தாள். கூச்சமில்லாமல் குடித்தேன்.

இந்தக் கோடையில் ஒருநாள் ஸ்கூட்டரில் அந்த வளைவுக்கு வந்தபோது அக்காவைப் பார்த்தேன். வலிக்கிற முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, அருவியடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு குடம். அங்கிருந்து மேல்தெருவுக்கு நூற்று நாற்பது படி. வண்டியை நிறுத்தினேன்.

“என்னக்கா, இங்க?”

“வீட்டுல சொட்டுத் தண்ணி இல்ல. ரெண்டு மாசமா இதுதான்.” குடத்துக்குள் குனிந்து முகர்ந்தாள். “ஆமா, பாறைத் தண்ணியில எப்படிடா தொட்டியில போடுற மருந்து வாசம் வருது?”

நாள் முழுக்கத் தண்ணீரில் புழங்குகிறவன் வாயில் அப்போது ஈரமே இல்லை. அக்கா பாறை உச்சியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“நீ மாட்டினதா?”

“ஆமாக்கா. வளையம் கீழ விழுந்துடுச்சு. டியூபை வச்சு இறுக்கிட்டேன்.”

“தெரிஞ்சுக்கிட்டேதான் மூணு தடவ வந்து என் குழாயக் கழட்டி மாட்டினியா?”

நான் செருப்பைப் பார்த்தேன்.

“தூக்கு,” என்றாள்.

தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று. நான் ஒழுகவிட்ட தண்ணீரை நானே சுமந்துகொண்டு ஏறினேன். எழுபதாவது படியில் நாக்குத் தள்ளியது. பின்னால் அவள் நொண்டிக்கொண்டே வந்தாள். இரண்டு மாதமாக இந்தக் காலோடு இதைச் சுமந்திருக்கிறாள் என்று நினைத்தபோது என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் மேற்பார்வையாளரிடம் உள்ளதைச் சொன்னேன். வாங்க வேண்டியதை வாங்கிக் கட்டிக்கொண்டு, மேலே போய்ப் புது வளையம் மாட்டினேன். நாற்பது நிமிட வேலை. மதியத்துக்குள் வற்றாத அருவி வற்றிவிட்டது. விடுதிக்காரர் பலகைக்குக் கீழே நின்று, “இயற்கையில கை வைக்கலாமாய்யா?” என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

சாயங்காலம் மேல்தெருவுக்குப் போனேன். எல்லா வீட்டுக் குழாயும் பீறிட்டது. வழியில் இரண்டு பேர் எனக்கு நன்றி சொன்னார்கள். ‘தம்பிதான் சரி பண்ணினான்’ என்று மட்டும் அக்கா சொல்லியிருக்கிறாள். கெடுத்தது யார் என்று மூச்சு விடவில்லை. அதைவிட அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

அவள் சமையலறையில் குழாயைத் திறந்து பார்த்தேன். அருவி மாதிரி கொட்டியது. ஆனால் சுவரோரமாக அந்த இரண்டு குடங்களும் விளிம்பு வரை நிரம்பி, தட்டுப் போட்டு மூடியிருந்தன. பக்கத்தில் வாளி, அண்டா, பால் காய்ச்சும் பாத்திரம்கூட நிரம்பியிருந்தது.

“அதான் நல்லா வருதேக்கா, எதுக்கு இவ்வளவு பிடிச்சு வச்சிருக்கே?”

அக்கா எப்போதும்போல டீயைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

“நீ மாட்டினதுதானே,” என்றாள். “இருக்கட்டும்.”