இறுக்கி மூடிய ஜாடி

கல்லூரியில் வேதியியல் நடத்துகிற தம்பியைத் தெருவே 'மூலக்கூறு' என்றுதான் அழைக்கும். துணி காயவில்லை என்று அவன் காதுபட யாரும் சொல்லிவிட முடியாது. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றை ஒன்று எப்படிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன என்று ஆரம்பித்துவிடுவான். அதற்குள் துணி காய்ந்துவிடும். பெயர் வைத்தவள் அவனுடைய அக்கா. சாலை முனையில் ஐஸ்கிரீம் கடை நடத்துகிறவள். தம்பி என்றால் அவளுக்கு உயிர். அதனாலேயே அவனை ஒருநாள்கூடச் சும்மா விட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு முந்நூறு கப் ஐஸ்கிரீம் கொடுப்பதாக அவள் ஒப்புக்கொண்டிருந்தாள். காலையில் பார்த்தால், குளிரூட்டும் வண்டி படுத்துவிட்டது. பக்கத்து வீட்டு வேன்காரர் வருவதாகச் சொன்னார். ஆனால் அவருடைய வேனில் அடுப்பு இல்லாத குறைதான், அவ்வளவு சூடு.

"உலர்பனி வாங்கிடலாம்க்கா," என்றான் தம்பி. "கரியமில வாயுவை உறைய வச்ச கட்டி. உருகவே உருகாது."

"உருகாம என்னடா பண்ணும்?"

"நேரா வாயுவாயிடும். நடுவுல திரவங்கிற பேச்சே கிடையாது. பனிக்கட்டியில தண்ணி மூலக்கூறுங்க கெட்டியாப் பிடிச்சுக்கிட்டிருக்கும். இதுல பிடிமானம் ரொம்பக் கம்மி. கொஞ்சம் சூடு பட்டாலும் பிரிஞ்சு போயிடும்."

"எங்க மாமனார் வீட்டுப் பங்காளிங்க மாதிரின்னு சொல்லுங்க," என்றார் வேன்காரர்.

தம்பிக்கு இப்படிப்பட்ட உவமைகள் பிடிக்காது. கையுறை போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினான். தெர்மகோல் பெட்டிகளில் கப்புகளை அடுக்கி, மேலே உலர்பனியை வைத்தான். மூடிகளைச் சுற்றி ஒட்டுநாடா ஒட்டப் போனான். முதல் பெட்டியைப் பாதி சுற்றுவதற்குள் நாடா தீர்ந்துபோனது. கடையில் வேறு நாடா இல்லை. வழியில் தேவைப்படும் என்று இரண்டு கைப்பிடி உலர்பனி மிச்சம் வைத்திருந்தான். குளிர் வீணாகக் கூடாதல்லவா? அதை ஊறுகாய் போடுகிற பெரிய பிளாஸ்டிக் ஜாடியில் கொட்டி, மூடியைப் பல்லைக் கடித்துக்கொண்டு திருகினான்.

"இவ்வளவு இறுக்கணுமாடா?" என்றாள் அக்கா.

"எனக்குத் தெரியும்க்கா."

வேன் கிளம்பியது. ஜன்னல்களை மட்டும் திறந்து வைக்கச் சொன்னான். "கரியமில வாயு உள்ளேயே நிறைஞ்சா மூச்சு முட்டும்," என்று எச்சரித்தான். ஒரு கிலோ உலர்பனி ஐந்நூறு லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும் என்பதையும் விளக்கமாகச் சொன்னான். அந்தக் கணக்கைச் சொன்ன வாய்க்கும் ஜாடியைத் திருகிய கைக்கும் ஏனோ அன்று பேச்சுவார்த்தை இல்லை.

பள்ளிக்கூடத்துக்கு இரண்டு தெரு தள்ளி சிக்னலில் நின்றபோது, பின்னால் மெல்ல ஒரு முனகல் கேட்டது. அடுத்து 'டமார்!' மூடி பறந்து வேன் கூரையில் மோதியது. உள்ளே வெள்ளைப் புகை சூழ்ந்தது. வேன்காரர் சாவியைப் பிடுங்கியதும் தெரியவில்லை, இறங்கியதும் தெரியவில்லை; எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"சார்! வெளிய வாங்க! ஆவி, ஆவி!"

தம்பி காது அடைத்துப்போய் இறங்கினான். அந்த நிலையிலும் திருத்தாமல் இருக்க முடியவில்லை. "அது கரியமில வாயு இல்லண்ணே. குளிர்ல காத்துல இருக்கிற ஈரம் துளியாகித் தெரியுது."

"நீங்க எந்த ஆவின்னு விசாரிச்சுட்டு வாங்க சார். நான் இங்கயே இருக்கேன்."

அக்கா முன்னிருக்கையிலிருந்து நிதானமாக இறங்கினாள். யாருக்கும் அடியில்லை என்று முதலில் உறுதிப்படுத்தினாள். பிறகு தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்க்கா" என்று அவன் குரலிலேயே ஒருமுறை சொல்லிக் காட்டிவிட்டு, சிரிக்க ஆரம்பித்தாள். அவன் முகம் சுண்டைக்காயாய்ச் சுருங்கியது. வாயு வெளியே போக வழி வேண்டும் என்று எட்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறவன். நாடா மட்டும் தீராமல் இருந்திருந்தால் முந்நூறு கப்பும் என்ன ஆகியிருக்கும்?

கதவுகளைத் திறந்துபோட்டு, காற்றாடவிட்டு, சொன்ன நேரமான மூன்று மணிக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஐஸ்கிரீம் ஒரு சொட்டுகூட உருகவில்லை. சொல்லப்போனால், கருங்கல்லாகியிருந்தது. மரக்கரண்டிகள் ஒடிந்தன. ஓட்டத்தில் முதலாவதாக வந்த சிறுமி கப்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதை எறியணுமா ஆன்ட்டி?" என்று கேட்டாள். அக்கா ஒலிபெருக்கியை வாங்கி, பத்து நிமிஷம் மடியில் வைத்துக் காத்திருப்பவர்களுக்கு இன்னொரு கப் என்று அறிவித்தாள். மைதானமே மடியில் கப்போடு அடைகாத்தது.

திங்கட்கிழமை வகுப்பில், வேறு யாராவது சொல்வதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று தம்பி முடிவெடுத்திருந்தான். பலகையில் ஜாடியை வரைந்து, நடந்ததைச் சொன்னான்.

"எந்த முட்டாள் சார் மூடியைத் திருகினது?" என்றாள் முதல் வரிசை மாணவி.

தம்பி சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தான். "நான்தான்மா."

கேட்ட மாணவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு கடைசி பெஞ்சில் யாரோ தாங்க முடியாமல் சிரித்துவிட, அறை முழுக்கச் சிரித்தது. எட்டு வருஷத்தில் அவன் வகுப்பில் யாரும் சிரித்ததில்லை. அவனும் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான்.