நாலாவது பிளாப்பி

"இதைத்தான் சார் நாங்க இன்னும் கட்டிக்கிட்டு அழறோம்" என்று சொல்லிவிட்டு, சின்னவன் அந்தப் பிளாப்பி டிஸ்க்கை மடக்கி ஒடித்துக் காட்டினான்.

புது மிஷின் விற்க வந்தவர் மரியாதைக்குச் சிரித்து வைத்தார். நூல் மாற்றிக்கொண்டிருந்த பெரியவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் அவளுக்கு உச்சந்தலை வரை சுரீர் என்றது. அந்த சாக்ஸ் கம்பெனிக்கு உயிரே அதுதான், அதைப் போய் அப்பளம் மாதிரி நொறுக்கிவிட்டு நிற்கிறான் இந்தப் புத்திசாலி.

அவள் அந்தக் கம்பெனியை நடத்துகிற குடும்பத்தின் மூத்த மருமகள், சின்னவன் அவள் கொழுந்தன். புருஷன் ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகச் சுற்றுகிறவன். ஆகையால் சாக்ஸ் பின்னுகிற பெரிய மிஷினும், அதற்கு டிசைன் அனுப்புகிற பழைய கம்ப்யூட்டரும் அவள் பொறுப்பு. கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் என்றைக்கோ செத்துப்போனது. அதைத் தூக்கிப் போடச் சொன்னவர்களை எல்லாம் மீறி, ஒரே பிளாப்பிக்குள் அடங்குகிற குட்டி ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஒன்றைத் தேடிப் பிடித்து, டிசைன் அனுப்பும் புரோகிராமையும் அதிலேயே ஏற்றி, மிஷினை ஓட வைத்தவள் அவள்தான். காலையில் பிளாப்பியைப் போட்டு ஆன் செய்தால் அது கரகரவென்று கொஞ்ச நேரம் படிக்கும். படித்து முடித்ததும் எல்லாம் கம்ப்யூட்டரின் மெமரிக்குப் போய்விடும். அப்புறம் பிளாப்பியை வெளியே எடுத்து உறையில் போட்டு வைத்துவிடுவாள். உள்ளேயே விட்டால் பஞ்சுத் தூசி அதைத் தின்றுவிடும்.

அந்த ஜாக்கிரதைதான் இன்றைக்கு வினையாகிவிட்டது.

"தம்பி, என்ன காரியம் பண்ணிட்டீங்க?"

"என்ன அண்ணி இப்போ? சும்மா மேஜை மேல கிடந்துச்சு. அது இல்லாமலே மிஷின் ஓடுது பாருங்க. அப்போ எதுக்கு அது?"

"மெமரில இருக்கறதால ஓடுது. கரண்டு போனா அவ்வளவுதான். மறுபடி எதை வச்சு ஏத்துவீங்க?"

"அதான் டிராயர்ல இன்னொண்ணு வச்சிருந்தீங்களே" என்றவன், சொல்லி முடிப்பதற்குள் தானே நிறுத்திக்கொண்டான். போன வாரம் அவன் தலைமையில் நடந்த சுத்தப்படுத்தலில் அந்த டிராயர் மொத்தமும் குப்பைக்குப் போயிருந்தது. இருந்த ஒரே மாற்றுப் பிளாப்பியைப் பூட்டாத டிராயரில் வைத்த தன்னையும் அவள் மனதுக்குள் ஒரு பாட்டம் திட்டிக்கொண்டாள்.

மாமனார் சாயங்காலம் வருவதாக இருந்தது. பழைய மிஷின் ஒழுங்காக ஓடினால் இருக்கட்டும், இல்லாவிட்டால் காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கலாம், அதைச் சின்னவன் பார்த்துக்கொள்வான், பெரியவள் வீட்டைக் கவனிக்கட்டும் என்று அவர் சாப்பாட்டு நேரத்தில் சொல்லியிருந்தார். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே அவள் அதைக் காதில் வாங்கியிருந்தாள்.

சரியாக அந்தச் சமயம் பார்த்து யுபிஎஸ் கீச் கீச் என்று கத்த ஆரம்பித்தது. கரண்டு போய்விட்டது. பேட்டரியோ கிழடு.

"ஒண்ணும் ஆகாது அண்ணி. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா எல்லாம் சரியாயிடும்" என்று சின்னவன் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினான்.

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவனைத் தொட்டதில்லை. "கையை எடுங்க" என்று மட்டும் சொன்னாள். எடுத்துவிட்டான்.

மெமரியில் இருப்பதை அப்படியே இன்னொரு பிளாப்பியில் எழுத அந்தச் சிஸ்டத்திலேயே வழி உண்டு. ஆனால் எழுதப் பிளாப்பி வேண்டுமே. இந்தக் காலத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்? கண்கள் அறையை ஒரு சுற்றுச் சுற்றின. மாமனார் மேஜையில் பேனா ஸ்டாண்டு. அவள் மகள் பள்ளிக்கூடத்துக் கைவேலைக்காக நாலு பிளாப்பிகளைப் பெட்டி மாதிரி ஒட்டிச் செய்தது. தாத்தாவுக்குப் பிறந்தநாள் பரிசு.

பேனாக்களைக் கொட்டிவிட்டு, பிளேடால் பசையைச் சுரண்டிப் பிரித்தாள். விரலில் கீறி ரத்தம் வந்தது. முதல் பிளாப்பி கெட்டுப்போயிருந்தது. இரண்டாவது பாதி எழுதி நின்றது. மூன்றாவதை டிரைவ் துப்பியது. யுபிஎஸ் இப்போது மூச்சு விடாமல் கத்தியது.

"பண்பாடு தெரியாத பயலே" என்று அவள் முணுமுணுத்தது டிரைவையா, பின்னால் நின்றவனையா என்பது அவளுக்கே தெரியாது.

நாலாவது எழுதியது. கடைசி வரி திரையில் வந்ததும் யுபிஎஸ் அணைந்தது. அறையே நிசப்தமானது. விற்க வந்தவர் தன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

கரண்டு வந்ததும் நாலாவதைப் போட்டு ஆன் செய்தாள். கரகர. கரகர. அப்புறம் திரையில் பழைய எழுத்துகள். மிஷின் விட்ட இடத்திலிருந்து பின்ன ஆரம்பித்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

மாமனார் வந்தார். ஓடுகிற மிஷினைப் பார்த்தார், பேனா ஸ்டாண்டு இல்லாத மேஜையைப் பார்த்தார்.

"நடுவுல கொஞ்சம் தகராறு பண்ணுச்சுப்பா" என்றான் சின்னவன். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன். சரியாயிடுச்சு."

சொன்னது இவ்வளவுதான். நாக்கு கூசவில்லை.

மாமனார் அவன் முதுகில் தட்டினார். "இதுக்குத்தான் விவரம் தெரிஞ்சவன் கூட இருக்கணுங்கறது. சரி, இந்த மிஷினும் இருக்கட்டும். நாளையிலேருந்து இதையும் நீயே பாத்துக்கோ. பெரியவ பாவம், வீட்டோட நிம்மதியா இருக்கட்டும்."

பெரியவள் ரத்தம் காயாத விரலைப் பார்த்தாள். கத்தலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தாள். கத்தினால் 'பொம்பளைக்குக் கோபத்தைப் பாரு' என்பார்கள். அவ்வளவுதான் மிஞ்சும்.

"சரிங்க மாமா" என்றாள்.

டிரைவிலிருந்து பிளாப்பியை எடுத்து உறையில் போட்டாள். உறையைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். மிஷினை நிறுத்தினாள். பிறகு தினமும் சாயங்காலம் செய்கிற மாதிரியே கம்ப்யூட்டர் சுவிட்சை அணைத்தாள். திரை இருண்டது.

விற்க வந்தவருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

"தம்பி" என்று அவள் சாவிக்கொத்தை மேஜையில், பேனாக்களுக்குப் பக்கத்தில் வைத்தாள். "ஆஃப் பண்ணிட்டேன். காலையில வந்து நீங்க ஆன் பண்ணிக்கோங்க."

சின்னவன் சாவியைப் பார்க்கவில்லை. அவள் கைப்பையையே பார்த்துக்கொண்டு நின்றான்.