கேசட்டில் தேவகிருபை டீச்சர்

தேவகிருபை டீச்சரின் குரல் போய்க்கொண்டிருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் டாக்டர் இல்லை. பள்ளிக்கூடத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் தோல் ஷாப்பில் வேலை பார்க்கும் நிசார் அஹமதுதான். ஆம்பூரின் அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக அவள் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்துகிறாள். சுவருக்கு அப்பால் அதே இருபத்திரண்டு வருஷமாகத் தோலைப் பதப்படுத்தும் மர டிரம்கள் காலை பத்து மணிக்குச் சுற்ற ஆரம்பித்தால் மாலை வரை ஓய்வதில்லை. யார் சத்தம் ஓங்குகிறது என்று தினமும் போட்டிதான், பெரும்பாலும் டீச்சர்தான் ஜெயிப்பாள். எட்டாம் வாய்ப்பாடு தனக்கு வந்ததே டீச்சர் புண்ணியத்தில்தான் என்று நிசார் சொல்லிக்கொண்டு திரிவார். அவர்தான் ஒருநாள் கேட்டருகே அவளை நிறுத்தினார்.

"இன்னா டீச்சர், ஒரு வாரமா உங்க சத்தம் கம்மியா இருக்குதே. ஒடம்பு எதுனா பேஜாரா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். முதலில் காற்றுதான் வந்தது, அப்புறம்தான் கரகரவென்று குரல்.

வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாகக் குழாயை விட்டுப் பார்த்த டாக்டரம்மா சின்னப் பெண். மண்வெட்டி பிடிக்கிறவன் உள்ளங்கையில் காய்த்துப் போகிறதே, அப்படி இவள் குரல் நாணில் இரண்டு இடத்தில் காய்த்திருக்கிறது என்றாள். எட்டு வாரம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது. தானாகக் கரைந்தால் சரி, இல்லாவிட்டால் ஆபரேஷன், அதற்கப்புறம் பழைய குரல் வரும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

தேவகிருபையிடம் சொல்லிக்கொள்ளும்படி இருந்ததே அந்தக் குரல் ஒன்றுதான். ஆள் குட்டை, போர்டில் எழுதினால் எழுத்து கோணும், படம் வரைந்தால் மாடும் நாயும் ஒன்றுபோல இருக்கும். ஆனால் வாயைத் திறந்தால் ஐம்பத்தெட்டுப் பிள்ளைகளும் கப்சிப். சர்ச் பாடகர் குழுவில் மற்றவர்கள் சத்தம் கேட்க வேண்டுமே என்று அவளைக் கடைசி வரிசையில்தான் நிறுத்துவார்கள். அந்தக் குரல் போய்விட்டால் வகுப்பில் அவள் யார்?

லீவு எடுக்கலாம் என்றால், போன வருஷம் கர்ப்பப்பை ஆபரேஷனிலேயே இருந்த லீவெல்லாம் தீர்ந்திருந்தது. அப்போதுதான் பள்ளிக்கூடத்து டேப் ரெக்கார்டர் ஞாபகம் வந்தது. அரசாங்கத் திட்டம் ஒன்றில் வந்து இறங்கிய அந்தச் சாமான், ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்ற பயத்தில் நாலு வருஷமாகத் தலைமையாசிரியர் ஆரோக்கியசாமியின் பீரோவில், தெர்மாகோல்கூடப் பிரியாமல் தூங்கிக்கொண்டிருந்தது. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற மாதிரி ஆயிரம் புத்தி சொல்லித்தான் அவர் அதைக் கொடுத்தார்.

திங்கட்கிழமையிலிருந்து பேசக் கூடாது. அதனால் சனியும் ஞாயிறும் அவள் பேசினாள். டீச்சருக்கென்றே எழுதிவைத்த புத்தி இது, வேறு யாருக்கும் வராது. படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, வியர்த்து வழிய உட்கார்ந்து, எட்டு வாரத்துப் பாடத்தையும் இரண்டு நாளில் தொண்டையிலிருந்து கறந்துவிட்டாள். இருபது வருஷத்தில் முதல் தடவையாக ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. பட்டனை அமுக்குகிற வேலை புருஷன் ஜெயகரனுக்கு. அவருக்கு மனசே ஒப்பவில்லை.

"டாக்டர் வாய மூடிக்கன்னு சொன்னா, நீ இன்னா கிருபை பண்ணிக்கினு இருக்கற?"

"திங்கக்கிழமைல இருந்துதான சொன்னாங்க," என்றாள் கரகரத்த குரலில். வெந்நீரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அடுத்த கேசட்டைப் போடச் சொல்லிக் கையை ஆட்டினாள்.

ஞாயிறு சாயங்காலம் பதினான்கு கேசட் நிறைந்தது. எல்லாவற்றிலும் வகுப்பில் பேசுகிற மாதிரியேதான் பேசியிருந்தாள். ஒவ்வொரு கணக்கு முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்டு, பிள்ளைகள் பதில் சொல்லக் கொஞ்சம் இடமும் விட்டிருந்தாள்.

திங்கட்கிழமை வகுப்பில் நடந்ததைப் பார்த்து ஆரோக்கியசாமியே அசந்துபோனார். மேஜை மேல் பெட்டி பேசியது. பக்கத்தில் டீச்சர் வாயைப் பூட்டிக்கொண்டு போர்டைத் தொட்டுக் காட்டினாள். "புரிஞ்சுதா?" என்றது பெட்டி. "புரிஞ்சுது டீச்சர்," என்றன ஐம்பத்தெட்டு வாய்களும். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நிசார், குரல் வந்துவிட்டது என்று நினைத்து சலாம் சொல்லியனுப்பினார். இரண்டு வாரம் இப்படியே ஓடியது. வோல்டேஜ் கம்மியான நாளில் மட்டும் டீச்சர் குரல் குடித்த ஆம்பிளை குரல் மாதிரி இழுத்து இழுத்து வரும், பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அதட்டக்கூட வழியில்லாமல் பிரம்பால் மேஜையைத் தட்டுவாள்.

வீட்டிலும் பேச்சில்லை. கோபம் வந்தால் சீட்டில் எழுதி நீட்டுவாள். ஜெயகரன் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிப்பதற்குள் கோபம் ஆறிப்போகும். பேசாமல் இருப்பது ஓய்வு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் ஒருநாளும் பேசாமல் இருந்து பார்த்ததில்லை. சாயங்காலம் வீடு திரும்பும்போது மூட்டை தூக்கியவளைப் போல உடம்பு வலித்தது.

மூன்றாவது வாரம் மேஜைக்குப் பக்கத்து பிளக் பாயிண்ட் கருகிப்போனது. வகுப்பில் இன்னொன்று பின்சுவரில்தான் இருந்தது. அதனால் பெட்டியைப் பின்னால் வைத்தாள், தானும் அங்கேயே நின்றுகொண்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் தன் பாடம் நடக்கும்போது அவள் வகுப்பின் பின்னால் நின்றதே இல்லை.

அன்று கடன் வாங்கிக் கழித்தல். போர்டில் ஐம்பத்திரண்டிலிருந்து இருபத்தேழைக் கழிக்க எழுதியிருந்தாள். இரண்டில் ஏழு போகாது, பக்கத்தில் இருக்கிற ஐந்திடம் ஒரு பத்தைக் கடன் வாங்கு என்று பெட்டி தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்தது. "புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது டீச்சர்."

பின்னாலிருந்து சிலேட்டுகள் எல்லாம் தெரிந்தன. முப்பத்தைந்து. அடுத்ததிலும் முப்பத்தைந்து. தலைகீழாக ஏழிலிருந்து இரண்டைக் கழித்துப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் ஹேமலதா என்கிற பெண்தான் எல்லாரையும்விட உரக்கப் "புரிஞ்சுது" சொல்லுகிறவள். அவள் சிலேட்டில் கணக்கே இல்லை, ஒரு செருப்புப் படம் இருந்தது. ஐம்பத்தெட்டு சிலேட்டில் இருபத்தைந்து என்று சரியாக இருந்தவை ஒன்பது.

மத்தியானம் பிள்ளைகள் சாப்பிடப் போனதும் கேசட்டில் அந்த இடத்தைத் திருப்பிப் போட்டுக் கேட்டாள். "புரிஞ்சுதா?" இரண்டு விநாடி. உடனே அடுத்த கணக்கு. மறுபடி ஓட்டினாள். இரண்டே விநாடிதான். அதற்குள் புரிந்தது என்று சொல்லலாம். புரியவில்லை என்று சொல்ல ஒரு பிள்ளை யோசிக்க வேண்டும், பயத்தை விழுங்க வேண்டும், எழுந்து நிற்க வேண்டும். இரண்டு விநாடி எந்த மூலைக்கு? கேசட்டில் மட்டுமா, இத்தனை வருஷமும் இதே இரண்டு விநாடிதானே. எத்தனை பிள்ளைகள் புரிந்தது, புரிந்தது என்று சொல்லிவிட்டு நாலாம் வகுப்புக்குப் போனார்கள், எத்தனை பேர் அதற்கு மேல் போகாமல் ஷூ கம்பெனிக்குப் போனார்கள் என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் பெட்டியைப் போடவில்லை. சிலேட்டு துடைக்க ஒவ்வொரு பிள்ளையிடமும் ஷூ கம்பெனியில் மிச்சமான தோல் துண்டு இருக்கும். இன்னும் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லிப் போர்டில் எழுதினாள். அவை வந்ததும் பத்துப் பத்தாக ஷூ லேஸில் கட்டினாள். ஐந்து கட்டு, தனியாக இரண்டு துண்டு. இதிலிருந்து ஏழு எடு என்று ஒரு பையனிடம் சைகை காட்டிவிட்டுக் காத்திருந்தாள். சூரியபிரகாஷ் என்கிற அந்தப் பையன் ரொம்ப நேரம் கட்டுகளையே பார்த்தான். அப்புறம் லேஸை அவிழ்த்தான். அவ்வளவுதான், அதற்குமேல் அவனுக்குச் சொல்லித்தர ஒன்றுமில்லை.

ஆனால் அப்படி ஒரு பிள்ளை லேஸை அவிழ்க்கக் கால் மணி நேரம். மீதி ஐம்பத்தேழும் அந்த நேரத்தில் வகுப்பைச் சந்தையாக்கின. ஆரோக்கியசாமி வந்து, பாடம் பின்தங்குகிறது, பெட்டி என்ன ஆயிற்று என்றார். அவள் அவிழ்ந்த லேஸைத் தூக்கிக் காட்டிவிட்டு அடுத்த பிள்ளைக்குக் கையை ஆட்டினாள். காலையில் ஒரு பிள்ளை, மத்தியானம் ஒரு பிள்ளை, பல நாள் அதுவும் இல்லை. கால் கடுத்தது. எட்டு வாரம் முடிந்தபோது பாதி வகுப்பைத் தாண்டியிருந்தாள். ஹேமலதாவின் பெஞ்சுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

வேலூரில் டாக்டரம்மா குழாயை வெளியே எடுத்துவிட்டு, காய்ப்பு கரையவில்லை, பெரிதாகியிருக்கிறது, நடுவில் பேசினீர்களா என்று கேட்டாள். தேவகிருபை சீட்டில் எழுதினாள்: ஆரம்பிக்கும் முன் இரண்டு நாள், பதினான்கு கேசட். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாள்.

சம்பளமில்லா விடுப்பில் ஆறு வாரம் போயிற்று. குரல் வந்தது. பக்கத்து வீட்டுக்காரியின் குரல் மாதிரி, மெல்லியதாய், வேறு யாருடையதோவாய். கத்தவே கூடாது, இனி ஒருநாளும் கத்தக் கூடாது என்றாள் டாக்டரம்மா. திரும்பி வரும் பஸ்ஸில் முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டு பள்ளிகொண்டா வரைக்கும் அழுதாள்.

வேலைக்குத் திரும்பிய அன்று ஆரோக்கியசாமி பெருமையாகச் சொன்னார்.

"கவலப்படாதீங்க டீச்சர். நீங்க இல்லாட்டியும் உங்க பாடம் நிக்கல. தெனம் கேசட்ட போட்டு வுட்டேன். புள்ளைங்க நல்லா பதில் சொல்லுதுங்க."

அவள் பதினான்கு கேசட்டையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் போனாள். போர்டில் அதே ஐம்பத்திரண்டு, இருபத்தேழு. டிரம் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பேசினாள். குரல் இரண்டாவது பெஞ்சைத் தாண்டவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. "புரிஞ்சுதா?" என்று கேட்டாள். முன் பெஞ்சுகள் பழக்கத்தில் புரிந்தது என்றன. அவள் அடுத்த கணக்குக்குப் போகாமல் நின்றாள். நேரம் போனது. பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கடைசி பெஞ்சிலிருந்து ஹேமலதா எழுந்து சிலேட்டோடு நடந்து வந்தாள்.

"கேக்கல டீச்சர்," என்றாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "புரியவும் இல்ல," என்றாள்.

அவளுக்குப் பின்னால் இன்னொரு பெஞ்சு எழுந்தது. பிறகு இன்னொன்று. முன்பு லேஸ் அவிழ்த்த பிள்ளைகள் சிலரும் மறந்துபோய் அந்த வரிசையில் வந்து நின்றார்கள். வரிசை கதவு வரைக்கும் நீண்டது. தேவகிருபை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், பையிலிருந்த கேசட்டுகளுக்கு அடியில் துழாவித் தோல் கட்டுகளை எடுத்து மேஜையில் வைத்தாள், கையை நீட்டி ஹேமலதாவின் சிலேட்டை வாங்கினாள். இந்தத் தடவை செருப்புப் படம் இல்லை. முப்பத்தைந்து என்று போட்டிருந்தாள்.