ஊசிக்காரருக்கு மட்டும்

தறிப்பட்டறையிலிருந்து தடால் என்று ஒரு சத்தம். தறிகளின் இரைச்சலையும் மீறி அது சமையற்கட்டு வரைக்கும் கேட்டது. குஞ்சம்மாள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் புருசன் செல்லமுத்து நூல் கோன்களுக்கு நடுவே கிடந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கூப்பிட்டால் முழித்தாரே தவிர வாய் திறக்கவில்லை. சர்க்கரையைக் கொண்டுவந்து அவர் வாயில் அள்ளிப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

அவளுக்கு அழுகை வரவில்லை. காரணம் தெரிந்தவளுக்கு என்ன அழுகை?

அந்த ஊர் அரசு சுகாதார நிலையத்தில், இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கு மட்டும் சுகர் மிஷினும் ஸ்ட்ரிப்பும் இலவசம். மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மாத்திரையோடு சரி. செல்லமுத்து ஊசிக்காரர், குஞ்சம்மாள் மாத்திரைக்காரி. ஒரே ஒருநாள் பார்ப்போம் என்றுதான் அவர் ஸ்ட்ரிப்பை எடுத்துத் தன் விரலில் குத்திப் பார்த்தாள். மிஷின் காட்டிய எண்ணைக் கண்ட பிறகு, பார்க்காமல் இருக்க முடியவில்லை. அவருக்கு வைக்க வேண்டிய ஸ்ட்ரிப்பில் பாதிநாள் தன் ரத்தத்தை வைத்தாள். அவர் விரல்கள் மரத்துப்போய் வருசக்கணக்காகிறது. குத்தினாலும் தெரியாது, குத்தாவிட்டாலும் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள்.

போன மாதம் வந்த நர்ஸ் சத்யபிரியா, மிஷினில் பதிந்திருந்த எண்களைப் பார்த்து மிரண்டு, டாக்டரிடம் சொல்லி ஊசியின் அளவைக் கூட்டிவிட்டாள். குஞ்சம்மாள் அப்போது வாயைத் திறக்கவில்லை. திறந்தால் ஸ்ட்ரிப் போய்விடும்.

போன் பண்ணியதும் சத்யபிரியா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். செல்லமுத்துவின் விரலில் குத்தினாள். அவ்வளவு சர்க்கரை போட்டும் அறுபத்தைந்துதான். மிஷினின் பட்டனை அமுக்கிப் பழைய எண்களைப் பார்த்தாள்.

“ஏனுங்கண்ணா, நேத்து முந்நூறு, இன்னிக்கு இப்படி. இது சுகரா, ஊஞ்சலா?”

செல்லமுத்து லேசாகச் சிரித்தார்.

“பஸ் ஸ்டாண்டு பக்கம் போயி ஜிலேபி கிலேபி அமுக்கறீங்களா?”

“அப்படித்தான் வெச்சுக்குங்களே.”

“சிரிப்புக்கு ஒண்ணும் கொறச்சலில்ல. ஊசியக் கொறைக்கச் சொல்றதா, கூட்டச் சொல்றதா? நேத்து முந்நூறு இருந்தவருக்கு எப்படிங்க கொறைப்பாரு டாக்டரு?”

குஞ்சம்மாள் கதவோரம் நின்றிருந்தாள். தன் குரலே பக்கத்து வீட்டிலிருந்து வருவதுபோல அவளுக்குக் கேட்டது.

“அந்த முந்நூறு இவியளுது இல்லீங்க. என்னுதுங்க.”

சத்யபிரியா திரும்பிப் பார்த்தாள். “எத்தன நாளாங்கக்கா இது?”

“ஆடி மாசத்துலருந்து.”

“மனுசன் செத்திருப்பாருங்க.”

“ஆமாங்க” என்றாள் குஞ்சம்மாள்.

சத்யபிரியா வாசலுக்குப் போய் டாக்டரிடம் போனில் பேசினாள். பழைய அளவே போடச் சொல்லிவிட்டார். திரும்பி வந்து செல்லமுத்துவின் எதிரே உட்கார்ந்தாள்.

“அளவு கூட்டுனதுலருந்து கைநடுக்கம், வேர்வை ஒண்ணுமே வரலீங்களா? ஒரு வார்த்த சொல்லக்கூடாதுங்களாண்ணா?”

செல்லமுத்து சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“வந்துதுங்க. அவ எடுத்துக் குத்திக்கறதும் தெரியும். சொன்னா அவளுக்கு ஸ்ட்ரிப் நின்னு போயிருமுங்களே.”