உதைக்கும் கியரும் கேக் தட்டும்

1

இந்தக் கதை எனக்கு இரண்டு பாதியாகக் கிடைத்தது. ஒரு பாதியை என் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்பவர் சொன்னார். மறு பாதியை என் காரைச் சரிசெய்பவர் சொன்னார். கண்ணாடிக்காரருக்கு மறு பாதி தெரியாது. தெரியவே கூடாது என்று மூன்று பேர் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒருவர் கார்க்காரர். அவருடைய கங்கணம் என்னிடம் பேச்சுக் கொடுத்தபோது அவிழ்ந்துவிட்டது. இப்போது நான் நாலாவது ஆள். எனக்கும் வாய் சும்மா இருக்காது.

தொடக்கத்தைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

"அந்தப் பழைய டீசல் கார், வயதான யானையைப் போல—" வேண்டாம். பழைய கார் என்றதும் யானையைக் கூட்டிவருவது எழுதுகிறவர்களுக்கு ஒரு வியாதி.

"தானியங்கிக் கியர் என்பது மனிதன் தன் இடது காலுக்குக் கொடுத்த ஓய்வு; ஆகவே—" இது கட்டுரை. 'ஆகவே'யைப் பார்த்ததும் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.

"கேக் சாய்ந்தது." இது தேவலை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

கேக் சாய்ந்தது.

கேக்கம்மா அதைப் பார்க்கவில்லை, கேட்டாள். முதுகுக்குப் பின்னால் 'சொத்'தென்று ஒரு சத்தம். வீட்டிலேயே கேக் செய்து, தானே காரில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பது அவள் தொழில். தெருவே அவளைக் கேக்கம்மா என்றுதான் கூப்பிடும்.

அவளுடைய கார் அவள் கல்யாணத்துக்கும் மூத்தது. பின்பக்கம் நீண்டு, சாமான் ஏற்ற வசதியாக இருக்கும் டீசல் வண்டி. கிளம்பும்போது தெருவையே எழுப்பிவிடும். ஆனால் ஓட ஆரம்பித்துவிட்டால், தானாக மாறுகிற அந்தக் கியர் எப்போது மாறியது என்று ஓட்டுகிறவளுக்கே தெரியாது. கேக்குக்கும் தெரியாது. அந்த ஒரு குணத்துக்காகத்தான், விற்றுத் தொலை என்று ஆளாளுக்குச் சொல்லியும் அவள் அதை வைத்திருந்தாள்.

அப்பேர்ப்பட்ட வண்டி, இப்போது இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது எட்டி உதைத்தது. கேக்கம்மா ஓரங்கட்டி, இறங்கி, பின்கதவைத் திறந்தாள். யாரோ ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக், கார் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

பிறந்தநாள் கேக் போனால் போகிறது [அந்தக் குழந்தை இந்த வாக்கியத்தை மன்னிக்காது]. வருகிற ஞாயிற்றுக்கிழமை அவள் ஏற்றிக்கொண்டு போக வேண்டியது நாத்தனாரின் கல்யாண கேக். ஐந்து அடுக்கு. "கடையிலயே வாங்கிடலாமே அண்ணா, எதுக்கு வம்பு?" என்று கல்யாணப் பெண் கேட்டதற்கு, அண்ணன்காரர் நெஞ்சை நிமிர்த்தி, "உன் அண்ணி கையால வர்ற கேக்குதான். பேசாம இரு" என்று சொல்லிவிட்டார். கேக் விழுந்தால் நாத்தனார் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவாள். அது கேக்கம்மாவுக்குத் தெரியும். கண்ணாடியில் ஒட்டிய கிரீமைத் துடைத்தபடி அவள் நினைத்ததும் அதைத்தான்.

3

இனி அந்த அண்ணன்காரரை, அதாவது கேக்கம்மாவின் கணவரை, அறிமுகப்படுத்த வேண்டும். அதில்தான் சங்கடம். என் மூக்குக் கண்ணாடிக்காரர் அவர்தான்.

அவருக்கு மாறுவேடம் போட்டுப் பார்த்தேன். முதல் வரைவில் தையல்காரராக்கினேன். தையல்காரர் மனைவியின் கேக்குக்கு மெத்தை தைத்துக் கொடுத்தார். கதை அந்த மெத்தையிலேயே படுத்துத் தூங்கிவிட்டது. இந்தக் கதைக்குத் திருகாணி வேண்டும். திருகாணி மேல் ஆசை உள்ள மனிதர் வேண்டும். வேறு வழியில்லை, உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன்.

கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் அவர் மல்லுக்கட்டுவது கடுகளவு திருகாணிகளோடு. தும்மினால் தொலைந்துபோகும். வீட்டுக்கு வந்து விரல் நீளத் திருகாணி ஒன்றைப் பார்த்துவிட்டால் போதும், கை துறுதுறுக்க ஆரம்பித்துவிடும். அந்தத் துறுதுறுப்பில்தான் ஒருநாள் காரின் பின்பக்கத்தில், பக்கச் சுவரோடு சேர்த்து, ஒரு மரத்தட்டு அடித்தார். விளிம்பு கட்டி, வழுக்காமல் இருக்க ரப்பர் ஒட்டி, நாலு திருகாணி போட்டு முடுக்கி, மனைவியைக் கண்ணைப் பொத்திக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார்.

"கேக்கு வைக்க. நீ குனிஞ்சு குனிஞ்சு எடுக்குற, இடுப்பு வலிக்குதுன்னு சொன்னியே."

அவள் எப்போதோ ஒருமுறை சொன்னது அது. தட்டு வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்காமலே வந்ததால் அந்தத் தட்டை அவள் தினமும் ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வாள். [தடவிப் பார்த்தாள் என்பது என் கற்பனை. ஆனால் சத்தியம் செய்யத் தயார்.]

கொஞ்ச நாளில் வண்டி லேசாக உதைத்தது. கேக் நகர்ந்தது. "தட்டு ஆடுது போல" என்று அவர் இன்னும் இரண்டு திருகாணி போட்டார். உதை பலத்தது. மேலும் இரண்டு போட்டார். அதற்கடுத்த வாரம்தான் அந்தப் பிறந்தநாள் கேக் வேடிக்கை பார்த்தது.

வாசகரே, வரிசையைக் கவனித்தீர்களா? தட்டு முன்னே வந்தது, உதை பின்னே வந்தது. மெக்கானிக்குக் கிடைக்காத துப்பை உங்கள் கையில் கொடுத்துவிட்டேன். கெட்டிக்காரக் கதாசிரியர்கள் இதை ஒளித்து வைப்பார்கள். எனக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.

4

மெக்கானிக்கின் பட்டப்பெயர் 'அவசரம்'. எதற்கும் அவசரப்பட மாட்டார் என்பதால் வந்த பெயர். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று சொல்லிக்கொண்டேதான் ஸ்பேனரைக் கையில் எடுப்பார்.

என்ஜினை ஓடவிட்டு, கியர் எண்ணெயின் அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். முகர்ந்தார். "எண்ணெ செவப்பா சுத்தமா இருக்கு. தீஞ்ச வாடையும் இல்ல." ஆக்ஸிலரேட்டரிலிருந்து கியருக்குப் போகிற கம்பியைக் கொஞ்சம் இழுத்துக் கட்டி ஓட்டினார், உதைத்தது. கொஞ்சம் தளர்த்தி ஓட்டினார், உதைத்தது. கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்:

"அக்கா, கியர்பாக்ஸையே எறக்கித்தான் பாக்கணும். உள்ள தேஞ்சிருக்கும். கல்யாணம் முடிஞ்சதும் கொண்டு வாங்க."

"கல்யாணத்துக்குத்தாம்ப்பா வண்டியே வேணும்!"

"அப்ப கேக்கு வேற வண்டியில போகட்டும்."

"அஞ்சு அடுக்குக் கேக்கு நின்ன மேனிக்குப் போகணும். எந்த வண்டியில போகும்? நீயே சொல்லு."

அவசரம் ஸ்பேனரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார்.*

* தான் முதலில் தப்பாகச் சொன்னதை மட்டும் எழுத வேண்டாம் என்று அவர் என்னைக் கேட்டுக்கொண்டார். அவர் நல்ல மனிதர். அதனால்தான் இதைக் கீழே, சின்னதாக எழுதியிருக்கிறேன்.

5

விஷயம் நாத்தனார் காதுக்குப் போயிற்று. இந்த மாதிரிச் சேதிக்குக் கால் முளைக்கச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. மறுநாளே மெக்கானிக் கடைக்கு வந்து நின்றாள்.

"என் கேக்கு எப்படி வரப்போகுதுன்னு நானே பாக்குறேன் அண்ணி."

சரி பார் என்று கேக்கம்மா ஒரு கிண்ணம் ஜெல்லியைத் தட்டில் வைத்தாள். அதற்குப் பக்கத்தில் கல்யாணப் பெண் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கேக்கம்மா ஓட்ட, அவசரம் பக்கத்தில் உட்கார, தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். மூன்றாவது கியர் விழுந்தது. ஜெல்லி கல்யாணப் பெண்ணின் மடியில் விழுந்தது.

இங்கே நாத்தனாரைக் கொஞ்சம் பொல்லாதவளாக எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். "அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு வசனம்கூடத் தயாராக இருந்தது. அவள் சொல்லவில்லை. மடியைத் துடைத்துக்கொண்டு, "ருசி நல்லாத்தான் இருக்கு" என்றாள். அண்ணி முகத்தைக் கண்ணாடியில் பார்த்திருப்பாள் போல.

கடை வாசலில் கேக்கம்மா சாவியைத் திருப்பினாள். வண்டி நிற்கவில்லை. கடகடவென்று இன்னும் கொஞ்ச நேரம் ஓடிவிட்டு, மனசில்லாமல் அடங்கியது.

"உடனே நிக்காதாக்கா?" என்றார் அவசரம்.

"கொஞ்ச நாளா இப்படித்தான். சாவியத் திருப்பினாலும் சொல்ல வந்தத சொல்லி முடிச்சிட்டுத்தான் நிக்கும். வயசாயிடுச்சுல்ல."

டீசல் என்ஜின் போட்ட கூச்சல் ஓய்ந்த அந்த அமைதியில்தான், பின்னாலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது.

"அண்ணி, இங்க யாரோ மூச்சு விடுறாங்க."

அவசரம் முதன்முறையாக அவசரப்பட்டார். ஓடி வந்து பின்பக்கம் தலையை நுழைத்தார். தட்டுக்கு அடியில் 'ஸ்ஸ்ஸ்' என்று மெல்லிய சத்தம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஓய்ந்துபோனது. அவர் தன் நெற்றியில் தானே அறைந்துகொண்டார்.

"இந்த வண்டியில பாதி வேலை காத்த உறிஞ்சித்தான் நடக்குதுக்கா. என்ஜின் உறிஞ்சும். அந்த உறிஞ்சல் சின்னச் சின்னக் குழாய் வழியாப் போயி கதவப் பூட்டும், என்ஜின நிறுத்தும், கியர் மெதுவா மாறுறதுக்கும் அதான் வேணும். எங்கயோ ஒரு குழாய்ல ஓட்டை விழுந்தா எல்லாத்துக்கும் உறிஞ்சல் பத்தாது. என்ஜின் லேசுல நிக்காது, கியர் உதைக்கும். கியர்பாக்ஸ் மேல ஒரு தப்பும் இல்ல. தப்பு இங்க!"

தட்டின் ஒரு திருகாணியைக் கழற்றி, பக்கத் தகட்டைக் கொஞ்சம் நெம்பினார். டீசல் ஊற்றும் மூடியைப் பூட்டுவதற்காக ஓடுகிற மெல்லிய குழாய் தெரிந்தது. அதில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளைக்கும் எதிரே ஒரு திருகாணி, முடுக்கென்றால் அப்படியொரு முடுக்கு.

கேக்கைக் காக்க வந்த தட்டு. கேக்கை விழவைத்ததும் அதே தட்டு. விழ விழ இன்னும் துளை. வேலியே பயிரை மேய்ந்ததற்கு இதைவிட நல்ல உதாரணத்தை நான் கேட்டதில்லை.

"அண்ணனா?" என்றாள் நாத்தனார். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "இரு, சாயங்காலம் இருக்கு அவருக்கு!"

"சொல்லாத."

"ஏன் அண்ணி?"

கேக்கம்மா தட்டில் சிந்தியிருந்த ஜெல்லியை வழித்தாள். "நான் வாய் தொறந்து கேக்காம, அவரா நெனச்சு எனக்குச் செஞ்சது இது ஒண்ணுதான். தெரிஞ்சா பிச்சுப் போட்டுடுவாரு. அப்புறம் ஆணி ஒண்ணு அடிக்கணும்னாக்கூட என்னக் கேட்டுட்டுத்தான் அடிப்பாரு."

நாத்தனாருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. "சரி அண்ணி" என்றாள்.

அவசரம் அந்தக் குழாயை முன்பக்கத்திலேயே பிரித்து, வாயை அடைத்தார். டீசல் மூடி மட்டும் இனித் தானாகப் பூட்டாது, மற்றதெல்லாம் பழையபடி. தட்டைக் கழற்ற வேண்டியதில்லை, கழற்றிய திருகாணியை அதே துளையில் போட்டார். மிச்ச ஜெல்லியோடு இன்னொரு சுற்றுப் போனார்கள். ஜெல்லி தளும்பியதோடு சரி. சாவியைத் திருப்பியதும் வண்டி சட்டென்று வாயை மூடியது.

"நல்லவேளை, இந்தப் பக்கம் அடிச்சாரு" என்றார் அவசரம். "அந்தப் பக்கந்தான் கதவுப் பூட்டுக் குழாய் மொத்தமும் போகுது. அங்க அடிச்சிருந்தா நான் கண்டுபிடிக்கிறதுக்குள்ள உங்க நாத்தனாருக்குப் பேரப்பிள்ளையே பொறந்திருக்கும்."

6

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். ஆனால் கேக் இன்னும் மண்டபத்துக்குப் போகவில்லையே.

முடிவு அ: வழியில் நாய் குறுக்கே வருகிறது. கேக் விழுகிறது. எல்லோரும் கட்டிப்பிடித்து அழுகிறார்கள். இதை நான்கு வரி எழுதினேன். ஐந்தாவது வரியில் மேலடுக்குச் சர்க்கரைப் பூக்கள் உடைய வேண்டும். அவள் ஒவ்வோர் இதழாகச் செய்தது. என்னால் முடியவில்லை. நாயை வேறு கதைக்கு அனுப்பிவிட்டேன்.

முடிவு ஆ: கணவருக்கு உண்மை தெரிந்து, தட்டைப் பிடுங்கி எறிந்து, அன்றிலிருந்து அவர்— இல்லை. இதை முடிக்கவே மாட்டேன்.

7

உண்மையில் நடந்தது: கேக் நின்ற கோலத்தில் போய்ச் சேர்ந்தது. ஒரு பூ உதிரவில்லை. மண்டபத்தில் எல்லோரும் கேக்கைச் சுற்றி நின்று வாயைப் பிளந்தபோது, கண்ணாடிக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"கேக்கு அவ கைவண்ணம். ஆனா முழுசா வந்து சேர்ந்துச்சே, அது யாரால? தட்டு! எட்டுத் திருகாணி!"

கல்யாணப் பெண் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி கல்யாணப் பெண்ணைப் பார்த்தாள். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். இத்தனை வருஷத்தில் அந்த இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து யாரும் பார்த்ததில்லை. அப்படி என்ன சிரிப்பு என்று மாப்பிள்ளைக்கு இன்றுவரை தெரியாது. "தட்டுன்னா அவங்களுக்கு அவ்வளவு சந்தோஷம் சார்" என்றுதான் கண்ணாடிக்காரர் என்னிடம் சொன்னார். யோசித்துப் பார்த்தால், அதுவும் பொய் இல்லை.

8

இப்போது நான் கண்ணாடிக் கடையில் நிற்கிறேன். என் கண்ணாடி அவர் கையில். கடுகளவுத் திருகாணி ஒன்றைத் திருகிக்கொண்டே பேசுகிறார்.

"ஒரு தட்டுக்கே வீட்டுல இவ்வளவு கொண்டாட்டமா இருக்கு. அந்தப் பக்கச் சுவத்துலயும் ஒண்ணு அடிச்சுடலாம்னு இருக்கேன் சார். இன்னிக்குச் சாயங்காலமே. அவகிட்ட மூச்சு விடல, திடீர்னு காட்டணும். நீங்க எழுதுறவரு, நாலும் தெரிஞ்சவரு. என்ன சொல்றீங்க?"

அந்தப் பக்கம். கதவுப் பூட்டுக் குழாய் மொத்தமும் போகிற பக்கம்.

வேண்டாம் என்றால் ஏன் என்பார். அடியுங்கள் என்றால் அடித்துவிடுவார். உண்மையைச் சொன்னால் முதல் தட்டும் போய்விடும். சொல்லாமல் நழுவினால் அடுத்த கேக் கண்ணாடியில் கன்னத்தை ஒட்டிக்கொள்ளும். கண்ணாடி இல்லாமல் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் சந்தோஷமாக இருக்கிறார் என்பது குரலிலேயே தெரிகிறது.

நான் இருமுகிறேன். தண்ணீர் கேட்கிறேன். எத்தனை நேரம்தான் ஒரு மனிதன் தண்ணீர் குடிக்க முடியும்? கல்லாவுக்குப் பின்னால் பலகை சாத்தி வைத்திருக்கிறது. அளந்து அறுத்து, அவள் கையில் சிராய் ஏறக் கூடாது என்று நாலு விளிம்பையும் வழவழவென்று தேய்த்தும் வைத்திருக்கிறார், பாவி மனிதர்.

வாசகரே, துப்பு எல்லாம் உங்களிடம் இருக்கிறது. அவர் கண்ணாடியை என் மூக்கில் மாட்டிவிட்டு, பதிலுக்காகக் காத்திருக்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள், நான் என்ன சொல்ல?